தருமபுரி மாவட்டத்தில் தொலைநிலை உயர்கல்வி: அஞ்சலிலிருந்து இணையம் வரை

தொலைநிலை உயர்கல்வி என்பது நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லாமல், இருக்கும் ஊரிலிருந்தே பல்கலைக்கழகப் பட்டம் பெறும் முறையாகும். தமிழ்நாட்டில் இது 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கியது. பின்னர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், செயற்கைக்கோள் வகுப்பு, இணையவழிப் பட்டப்படிப்பு என வளர்ந்தது. கல்லூரிகள் குறைவாக இருந்த தருமபுரி போன்ற மாவட்டங்களுக்கே இம்முறை மிகவும் தேவைப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் பாடம் மாணவரைச் சென்றடைவது படிப்படியாக எளிதாயிற்று. ஆனால் அருகில் ஒரு தேர்வு மையம், ஐயம் கேட்க ஓர் ஆசிரியர், வேலைக்குச் செல்லுபடியாகும் பட்டம் ஆகிய மூன்றும் அதே வேகத்தில் வரவில்லை. இந்த இடைவெளியே தொலைநிலைக் கல்வி வரலாற்றின் முதன்மையான சிக்கலாக இருந்து வருகிறது.

மாவட்டப் பின்னணி

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2004 பிப்ரவரி 9 அன்று இதிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 லட்சம். நூற்றுக்கு எண்பது பேருக்கும் மேல் ஊரகத்தில் வாழ்பவர்கள். அதே கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலச் சராசரி 80.09 விழுக்காடு. தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதுவே மிகக் குறைந்த அளவு. பெண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 60 விழுக்காடு மட்டுமே.

மாவட்டத்தின் நில அமைப்பும் கல்விக்குத் தடையாக இருந்தது. சித்தேரி, வத்தல்மலை, கோட்டூர் மலை போன்ற மலைக் கிராமங்களுக்கு நீண்ட காலம் முறையான சாலை இல்லை. கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவுப் பொருள்கள் கழுதைகளின் மீது ஏற்றிச் செல்லப்பட்டன. சமவெளியிலோ மழையை நம்பிய வேளாண்மையே பெரும்பான்மை. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்கள் பெங்களூரு, திருப்பூர் போன்ற நகரங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்வது வழக்கம்.

1960-களில் தருமபுரி நகரில் அரசு கலைக் கல்லூரி அமைந்தது. அதற்கு முன் பட்டப்படிப்புக்குச் சேலத்துக்கோ அதற்கு அப்பாலோதான் செல்ல வேண்டும். பிற்காலத்தில் அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் ஆகிய ஊர்களிலும் கலை அறிவியல் கல்லூரிகள் வந்தன. 2008-இல் அரசு மருத்துவக் கல்லூரியும், அதன்பின் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. இவை வருவதற்கு முந்தைய முப்பது, நாற்பது ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கோ திருமண வாழ்வுக்கோ சென்ற பலருக்குப் பட்டம் பெற இருந்த வழி தபால்தான்.

அஞ்சல்வழிக் கல்வி

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறிடத்திலும் இருந்து பட்டம் பெறும் முறை உலகில் பழையது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே வெளி மாணவர்களுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு இம்முறையை விரிவுபடுத்தப் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இப்பல்கலைக்கழகம் 1978-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-இலும் இம்முறையைத் தொடங்கின. இந்த மூன்றும் தருமபுரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருப்பவை.

அஞ்சல்வழிக் கல்வி நடைபெற்ற விதம் எளிமையானது. கட்டணம் செலுத்திய மாணவருக்கு அச்சிட்ட பாடப் பொதிகள் தபாலில் வரும். மாணவர் அவற்றைப் படித்து, கொடுக்கப்பட்ட வினாக்களுக்கு விடை எழுதி அனுப்புவார். விடுமுறை நாள்களில் சில ஊர்களில் நேரடி வகுப்புகள் நடக்கும். ஆண்டு இறுதியில் ஒதுக்கப்பட்ட மையத்துக்குச் சென்று தேர்வு எழுத வேண்டும்.

இதனால் அதிகம் பயன்பெற்றவர்கள் ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள். இடைநிலை ஆசிரியர்கள் பட்டம் பெற்றால் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெறலாம். கூடுதல் கல்வித் தகுதிக்கு ஊக்க ஊதிய உயர்வும் கிடைத்தது. அலுவலக எழுத்தர்கள், நடத்துநர்கள், திருமணத்துக்குப் பின் வீட்டிலிருந்த பெண்கள் ஆகியோரும் சேர்ந்தனர். கட்டணம் குறைவு; வேலையை விட வேண்டியதில்லை; பட்டத்துக்கு மதிப்பு உண்டு.

குறைகளும் இருந்தன. பாடப் பொதி தாமதமாக வந்தால் படிக்கும் நாள்கள் குறையும். ஒரு வரி புரியாவிட்டால் கேட்க அருகில் ஆள் இருக்காது. அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகம் கிடைக்காது. ஆகவே வரலாறு, தமிழ், பொருளியல், வணிகவியல் போன்ற படிப்புகளே அஞ்சல்வழிக் கல்வியில் மிகுதியாக நிலைபெற்றன.

திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள்

அஞ்சல்வழிக் கல்வி தொலைவுத் தடையைக் குறைத்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் வழி தர முயன்றது திறந்தநிலைக் கல்வி. பிரித்தானியாவில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஐதராபாத்தில் அமைந்தது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்டது.

இந்நிறுவனங்கள் கல்லூரிகளில் படிப்பு மையங்களை அமைத்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கல்லூரி ஆசிரியர்களே வகுப்பு எடுத்தனர். மேல்நிலைப் படிப்பு முடிக்காதவர்களும் 18 வயது நிரம்பியிருந்தால் ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துப் பட்டப்படிப்பில் சேர வழி இருந்தது. எழுத்தறிவில் பின்தங்கிய, பள்ளி இடைநிற்றல் மிகுந்த பகுதிகளுக்கு இது பெரிய வாய்ப்பாகத் தோன்றியது.

செயற்கைக்கோள் வழிப் பாடங்கள்

அச்சிட்ட பாடத்துக்குத் துணையாக வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் உயர்கல்வி ஒளிபரப்பு 1984 ஆகஸ்டு 15 அன்று தூர்தர்ஷனில் தொடங்கியது. 2000 சனவரியில் ஞான தர்சன் என்னும் கல்வி அலைவரிசை வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் இது.

தொலைக்காட்சிப் பாடங்களில் மாணவர் பார்ப்பவராக மட்டுமே இருந்தார். ஒளிபரப்பு நேரத்தில் வீட்டில் இருக்க வேண்டும். மின்சாரமும் இருக்க வேண்டும். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தன. எஜுசாட் வழி வகுப்பில் மாணவர் கேள்வி கேட்க முடிந்தது. ஆனால் அதற்குரிய கருவிகள் பொருத்தப்பட்ட மையத்துக்கு அவர் சென்றாக வேண்டும்.

இணையத்தின் வருகை

தமிழ் வழியாக இணையத்தில் கல்வி தருவதற்கு முதலில் அமைந்த நிறுவனம் தமிழ் இணையப் பல்கலைக்கழகம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001 பிப்ரவரி 17 அன்று இது தொடங்கப்பட்டது. தற்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று அழைக்கப்படுகிறது. வெளிநாடுகளில் வாழும் தமிழர்களை முதன்மையாகக் கருதி, மழலைக் கல்வி முதல் தமிழியல் பட்டப்படிப்பு வரை பாடங்களை இது இணையத்தில் ஏற்றியது.

தொழில்நுட்பக் கல்வியில் பெரிய மாற்றம் என்பிடெல் எனப்படும் தேசியத் திட்டத்தால் வந்தது. சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் இதைத் தொடங்கின. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகள் ஒளிப்பதிவு செய்யப்பட்டு யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிடப்பட்டன. சிற்றூர்ப் பொறியியல் கல்லூரி மாணவரும் ஆசிரியரும் இவற்றால் பயன்பெற்றனர். பின்னர் பல பாடங்களின் எழுத்துவடிவம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது.

பாடம் இலவசமாகக் கிடைத்தாலும் அதைக் கற்றதற்குச் சான்று பெற முதலில் வழி இல்லை. 2014 முதல் என்பிடெல் பாடங்களுக்குச் சான்றிதழ்த் தேர்வு நடத்தப்பட்டது. பாடத்தைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம் செலுத்தி, கண்காணிப்பாளர் இருக்கும் மையத்தில் நேரில் எழுத வேண்டும். இணையத்தில் படித்தவருக்கும் தேர்வுக் கூடம் தேவையாகவே இருந்தது.

2017 சூலை 9 அன்று மத்திய அரசின் ஸ்வயம் தளம் தொடங்கப்பட்டது. ஸ்வயம் படிப்புகளின் மதிப்பெண் அலகுகளைக் கல்லூரிப் பட்டத்தோடு சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் விதி வகுத்திருந்தது. ஒரு பருவத்துக்கு 20 விழுக்காடு என்றிருந்த வரம்பு 2021-இல் 40 விழுக்காடாக உயர்ந்தது. தன் கல்லூரியில் ஆசிரியர் இல்லாத ஒரு பாடத்தை மாணவர் இணையத்தில் படித்து, அதைத் தன் பட்டத்தில் கணக்கிட்டுக்கொள்ள இதனால் வழி ஏற்பட்டது.

பட்டம் செல்லுபடியாகுமா என்ற கேள்வி

தொலைநிலைக் கல்வி பரவியபோது அதன் பட்டங்களின் மதிப்பும் கேள்விக்குள்ளானது. தமிழ்நாட்டு மாணவர்களை மிகவும் பாதித்தவை இரண்டு தீர்ப்புகளும் ஓர் அரசாணையும் ஆகும்.

இளநிலைப் பட்டம் இல்லாமலேயே திறந்தநிலை முறையில் நேரடியாக முதுநிலைப் பட்டம் பெறும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அத்தகைய பட்டம் அரசுப் பணிக்குத் தகுதியாகாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என்பது தீர்ப்பின் அடிப்படை. அதே ஆண்டு ஆகஸ்டு 18 அன்று தமிழ்நாடு அரசின் பணியாளர் துறை அரசாணை எண் 107-ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் மேல்நிலைப் படிப்பும் முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டம் மட்டுமே அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்று அது வரையறுத்தது.

பள்ளிக் கல்வியின் ஒழுங்கைக் காக்க வேண்டும் என்பது இந்நிலைப்பாட்டின் நோக்கம். ஆனால் பள்ளியை இடையில் விட்டவர்களுக்கென்றே திறக்கப்பட்ட வழி இதனால் பாதியில் அடைபட்டது. ஆயத்தப் படிப்பு முடித்துப் பட்டம் பெற்றவர் பட்டதாரிதான். எனினும் பட்டதாரிக்கான அரசு வேலைக்கு அவர் விண்ணப்பிக்க இயலாது. தனியார் வேலை வாய்ப்பு குறைந்த மாவட்டங்களில் பட்டம் என்றாலே ஆசிரியர் பணியும் தேர்வாணையத் தேர்வும்தான் நினைவுக்கு வரும். அங்கு இதன் பாதிப்பு கூடுதலாக இருந்தது. பலர் பட்டம் பெற்றபின் மீண்டும் மேல்நிலைத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினர். அப்படி எழுதியும் படிப்பின் வரிசை மாறியதால் சிக்கல் தொடர்ந்தது.

இரண்டாம் தீர்ப்பு தொழில்நுட்பக் கல்வி பற்றியது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் பொறியியல் பட்டங்கள் வழங்கிவந்தன. தமிழ்நாட்டிலுள்ள ஒன்றும் அவற்றில் அடங்கும். 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இவற்றைச் செல்லாதவை என்றது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும் மறுதேர்வு எழுத வாய்ப்பு தரப்பட்டது. அதன்பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. விதி மீறியவை நிறுவனங்கள். பட்டத்தையும் செலவிட்ட ஆண்டுகளையும் இழந்தவர்கள் மாணவர்கள்.

இதன்பின் விதிகள் இறுகின. 2020 செப்டம்பரில் தொலைநிலைப் படிப்புகளுக்கும் இணையவழிப் படிப்புகளுக்கும் சேர்த்து மானியக் குழு புதிய விதிகளை வெளியிட்டது. ஏற்பு பெற்ற நிறுவனங்கள் வழங்கும் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் அறிவித்தது. சேர்வதற்கு முன், அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டுக்கு ஏற்பு பெற்றவையா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்த்துக்கொள்வது இன்று ஒவ்வொரு மாணவருக்கும் இன்றியமையாதது.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் கல்லூரிகள் மூடப்பட்டன. அதுவரை விருப்பத் தேர்வாக இருந்த இணைய வகுப்பு எல்லா மாணவர்க்கும் கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு வழங்கிவந்த விலையில்லா மடிக்கணினிகள் இக்காலத்தில் உதவின. எனினும் இணைய இணைப்புக்குத் தனியாகச் செலவாகும். 2021 சனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு கிடைக்கும் அட்டையை ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு வழங்க மாநில அரசு முடிவு செய்தது.

தரவு அட்டை பணத் தடையை நீக்கும். அலைபேசிக் கோபுரம் இல்லாத மலைக் கிராமத்துக்கு அது சமிக்ஞையைக் கொண்டுவராது. ஒரே அலைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் யாருடைய வகுப்பு முதலில் என்ற கேள்வியும் எழுந்தது. சமவெளிக்கும் மலைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே முன்பே இருந்த வேறுபாடுகள் இணைய வகுப்பிலும் தொடர்ந்தன.

இதே காலத்தில் 2020 சூன் 30 அன்று சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஐ.ஐ.டி.யின் வழக்கமான நுழைவுத் தேர்வு இதற்குத் தேவையில்லை. விண்ணப்பித்தவர்கள் நான்கு வாரப் பாடங்களைப் படித்து அவற்றில் தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேர்ச்சி பெற்ற அனைவரும் சேரலாம். அடிப்படை நிலை, பட்டய நிலை, பட்ட நிலை எனப் படிகள் உண்டு. எந்தப் படியில் நிறுத்தினாலும் அதற்குரிய சான்று கிடைக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் குறைந்த வருவாய்க் குடும்பத்தினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. பாடங்கள் இணையத்தில் நடக்க, முக்கியத் தேர்வுகளை மட்டும் குறிப்பிட்ட நகர மையங்களில் நேரில் எழுத வேண்டும். பாடமொழி ஆங்கிலம் என்பதால், தமிழ்வழியில் படித்து வரும் அரசுப் பள்ளி மாணவருக்குத் தொடக்கத்தில் ஒரு துணை தேவைப்படுகிறது.

ஆப்பிரிக்க அனுபவம்

தொலைவு, கல்லூரிப் பற்றாக்குறை, மொழிச் சிக்கல் ஆகியவை ஆப்பிரிக்க நாடுகளிலும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் 1946 முதல் அஞ்சல்வழிக் கல்வி நடத்துகிறது. சிறையிலிருந்தபடியே நெல்சன் மண்டேலா சட்டப் பட்டம் பெற்றது இப்பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான்.

2004 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவின் சோகன்னஸ்பர்க் நகரில் ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், ஆப்பிரிக்க நாடுகளை இந்தியப் பல்கலைக்கழகங்களோடும் மருத்துவமனைகளோடும் இணைக்கும் மின்வலைப் பின்னலை முன்மொழிந்தார். அதன் முதற்கட்டம் 2009 பிப்ரவரி 26 அன்று தொடங்கியது. இரண்டாம் கட்டம் 2010 ஆகஸ்டில் வந்தது. 40-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் சேர்ந்தன. பாடம் நடத்திய இந்தியப் பல்கலைக்கழகங்களுள் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒன்று. ஆப்பிரிக்க மாணவர்கள் தம் நாட்டிலுள்ள கற்றல் மையத்தில் அமர்ந்து, செயற்கைக்கோள் வழியாக இந்திய ஆசிரியரின் வகுப்பைக் கேட்டனர். 2019-இல் இதன் தொடர்ச்சியாக வந்த திட்டம் இணையத்தின் வழியே நேரடியாகப் படிக்கும் முறைக்கு மாறியது.

இணையப் பட்டப்படிப்பால் அறியப்பட்ட சென்னை ஐ.ஐ.டி., 2023-இல் தான்சானியாவின் சான்சிபாரில் வகுப்பறைகளுடன் கூடிய ஒரு வளாகத்தைத் தொடங்கியது. ஐ.ஐ.டி. ஒன்று வெளிநாட்டில் அமைத்த முதல் வளாகம் இது. இணையம் பரவிய பின்னும் ஆசிரியரும் மாணவரும் கூடும் இடத்தின் தேவை நீங்கிவிடவில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மதிப்பீடு

அஞ்சல், செயற்கைக்கோள், இணையம் ஆகிய மூன்றும் ஒரே நோக்கத்தோடு வந்தவை. அஞ்சல்வழிக் கல்வி வெற்றி பெற்றதற்குக் காரணம், அதன் பட்டம் வேலையிலும் பதவி உயர்விலும் ஏற்கப்பட்டது. தொலைக்காட்சிப் பாடம் பரவலாகச் சென்றும் பட்டதாரிகளை உருவாக்கவில்லை. தேர்வும் பட்டமும் அதனோடு இணையவில்லை. திறந்தநிலைக் கல்வியில் பட்டம் கிடைத்தது. ஆனால் ஒரு பிரிவினருக்கு அது அரசுப் பணிக்குப் பயன்படவில்லை. இணையத்தில் இன்று நல்ல பாடமும் ஏற்பு பெற்ற பட்டமும் கிடைக்கின்றன. ஆனால் நல்ல இணைப்பும் உதவிக்கு ஓர் ஆளும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

உதவித் திட்டங்களிலும் ஒரு வேறுபாடு காணப்படுகிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. இது கல்லூரிக்கு நேரில் சென்று படிப்போருக்கானது. தொலைநிலையில் படிப்போர் இதில் பயன்பெற இயலாது. வீட்டுச் சூழலால் கல்லூரிக்குச் செல்ல முடியாமல் தொலைநிலையைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் அரசுக் கல்லூரிகளும் அரசு மேல்நிலைப் பள்ளிகளும் நூலகங்களும் வட்டந்தோறும் உள்ளன. வார இறுதியில் அவற்றின் கணினி அறைகளைத் திறந்து, இணைய வசதியும் வழிகாட்ட ஓர் ஆசிரியரும் இருக்கும்படி செய்தால், ஞாயிற்றுக்கிழமைப் படிப்பு மையங்கள் ஒரு காலத்தில் செய்த பணியை இணையக் கல்விக்கும் செய்ய முடியும். தேர்வு மையமும் அங்கேயே அமைந்தால் மலைக் கிராம மாணவர் தேர்வுக்காக வேறு மாவட்டத்துக்குச் செல்ல வேண்டியிருக்காது.